ராலியின் மரையும் நாமக்கல் பட்டறையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் அறுபதைத் தாண்டியவர்களிடம் பழைய சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று பெயர்கள் வந்து விழும்: ராலி, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. மூன்றுமே இங்கிலாந்தில் பிறந்தவை. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் நூல் கட்டையும் சேலை மூட்டையையும் சுமந்தவை, பால் கேனைக் கட்டிக்கொண்டு விடியலில் புறப்பட்டவை, தொலைவிலிருந்த உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுசேர்த்தவை எல்லாம் இந்த மூன்றின் வழிவந்த வண்டிகளே. இன்று நாட்டிங்காம் நகரில் ராலி தொழிற்சாலை நின்ற இடத்தில் பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. பர்மிங்காமில் ஹெர்குலிஸ் ஆலை இல்லை, பி.எஸ்.ஏ. சைக்கிள் ஆலையும் இல்லை. ஆனால் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களில் புது சைக்கிள்கள் நம் ஊர்க் கடைகளில் இன்றும் விற்கின்றன. விற்பது சென்னையின் முருகப்பா குழுமம். பிறந்த மண்ணில் இந்தத் தொழில் ஏன் பட்டுப்போனது? மோட்டார் வண்டி வந்தது, ஆசியக் கூலி மலிந்தது என்று வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள். இரண்டும் கதையின் ஓரத்தைத்தான் தொடுகின்றன. தொழிலின் அத்தனை நுட்பத்தையும் ஒரே மதில் சுவருக்குள் அடைத்து, போட்டியாளர்களை விலைக்கு வாங்கி மூடி, வெளியில் யாரும் கற்றுக்கொள்ளாமலும் வெளியிலிருந்து தானும் கற்றுக்கொள்ளாமலும் இருந்ததே அந்த நிறுவனங்களைச் சாய்த்தது. லாரிப் பட்டறைகளையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறைகளையும் நம்பி வாழும் வட்டாரத்துக்கு இது தூரத்து நாட்டுக் கதை இல்லை.

எழுச்சியின் அளவைத் தெரிந்துகொண்டால்தான் வீழ்ச்சியின் அளவும் புரியும். நாட்டிங்காமின் ராலி தெருவில் இயங்கிய ஒரு சிறு பட்டறையில் 1887ஆம் ஆண்டு வாக்கில் பங்கு வாங்கிய ஃபிராங்க் பௌடன், பத்தாண்டுக்குள் அதை உலகின் பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்றாக்கினார். 1902இல் வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் அந்த நிறுவனத்தின் பொறியியல் பெருமை. பர்மிங்காமில் 1910இல் எட்மண்ட் கிரேன், ஹாரி கிரேன் சகோதரர்கள் தொடங்கிய ஹெர்குலிஸ் வேறு வழியில் போனது: அலங்காரத்தைக் குறைத்து, ஓட்டத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்து, தொழிலாளி வாங்கக்கூடிய விலைக்குச் சைக்கிளைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அதன் தயாரிப்பு லட்சங்களைக் கடந்து மில்லியன்களில் எண்ணப்பட்டது. துப்பாக்கி செய்வோர் 1861இல் கூடித் தொடங்கிய பி.எஸ்.ஏ., சைக்கிளுக்கு வந்த பிறகும் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்த முத்திரையை விடவில்லை. இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, கிழக்காசியா என்று பேரரசு விரிந்திருந்த இடமெல்லாம் இந்த வண்டிகள் போயின. 1950களின் தொடக்கத்தில் ராலி மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் சைக்கிள்களைச் செய்துகொண்டிருந்தது.

அந்த உச்சத்திலேயே நோயும் தொடங்கிவிட்டது. ராலி தன் வண்டிக்கு வேண்டிய ஏறத்தாழ எல்லாவற்றையும் தானே செய்துகொண்டது. ஃபிரேம், ஃபோர்க், ஹப், கியர் என்று போய்க் கடைசியில் சீட் செய்யும் புரூக்ஸ் நிறுவனமும் அதன் கைக்குள் வந்தது. இந்தப் பெருமிதம் எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு ஒரு சின்ன மரையே சாட்சி. பெடல் அச்சு ஓடும் குழலில் மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 24 மரை. ராலி மட்டும் தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது. ராலி வண்டிக்கு ராலி பாகம்தான் பொருந்தும். விற்பனை நன்றாக நடந்த காலத்தில் இது சாமர்த்தியமாகத் தெரிந்தது. மறுபக்கம் பி.எஸ்.ஏ.வைப் பாருங்கள். அதன் சைக்கிள் பிரிவு 1957இல் ராலிக்கு விற்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் செய்த தாய் நிறுவனமும் 1973இல் சரிந்தது. ஆனால் 24 மரை கொண்ட அந்த அளவை இன்றும் உலகம் முழுவதும் பி.எஸ்.ஏ. மரை என்றே அழைக்கிறார்கள். தைவானிலும் சீனாவிலும் செய்யப்படும் எண்ணற்ற சைக்கிள்களில் அது இருக்கிறது. எல்லோரும் எடுத்துப் பயன்படுத்திய அளவு, நிறுவனம் போன பிறகும் வாழ்கிறது. காவல் காத்துப் பூட்டி வைத்த அளவு, பழைய வண்டிகளைப் பழுதுபார்ப்பவர்களின் தலைவலியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. மரையால் ராலி விழவில்லை. எந்த மனப்போக்கால் விழுந்ததோ, அது அந்த மரையில் எழுதியிருந்தது.

அடுத்து நடந்தது இணைப்புகளின் காலம். ஹம்பர், ரட்ஜ், டிரையம்ப், பி.எஸ்.ஏ. என்று பழைய சைக்கிள் பெயர்கள் ஒவ்வொன்றாக ராலிக்குள் போயின. இன்னொரு பக்கம் இரும்புக் குழாய் செய்யும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் 1946இல் ஹெர்குலிஸை வாங்கியது. ஃபிலிப்ஸ் போன்றவையும் அதன் கீழ் வந்தன. 1960இல் இந்த இரண்டு பக்கமும் ஒன்றாகி டி.ஐ.-ராலி ஆனது. பிரிட்டிஷ் சைக்கிள் தொழிலின் மிகப் பெரும் பங்கு ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டது. காகிதத்தில் இது பலம். நடைமுறையில், புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கப் போட்டியிட்ட பல பட்டறைகள் பல வண்ண ஸ்டிக்கர்களாகச் சுருங்கிப்போயின. அலெக்ஸ் மௌல்டன் என்ற பொறியாளர் சிறு சக்கரமும் ரப்பர் சஸ்பென்ஷனும் கொண்ட புதுவகை சைக்கிளை வடிவமைத்து ராலியிடம் கொண்டுபோனபோது, நிறுவனம் அதை ஏற்கவில்லை. அவர் 1962இல் தானே செய்து விற்றார். பெரும் வரவேற்பு கிடைத்தது. பிறகு ராலி 1965இல் அதைப் போலத் தோன்றும் ஒரு வண்டியை இறக்கியது. 1967இல் மௌல்டன் தொழிலையே வாங்கிக்கொண்டது. கற்பதற்குப் பதில் வாங்குவது என்ற பழக்கம் அப்போதே ஊறிவிட்டிருந்தது. 1970இல் பிரிட்டனில் இறங்கிய சாப்பர் சிறுவர் சைக்கிள் பிரமாதமாக விற்று வீழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது, 1980இல் டி.ஐ.-ராலி அணியின் யோப் சூட்டெமெல்க் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தையும் வென்றார். ஆனால் 1987இல் நிறுவனம் கைமாறியது. 1999இல் ஃபிரேம் கட்டுவது நின்றது. 2000இல் ஸ்டர்மி ஆர்ச்சர் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்துக்குப் போய் இயந்திரங்கள் கப்பலேறின. 2002இல் நாட்டிங்காம் ஆலை மூடப்பட்டது.

இதே பிரிட்டிஷ் விதை இந்தியாவில் இரண்டு இடங்களில் விழுந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், விற்க வந்தவர்கள் இங்கேயே செய்ய வேண்டியதாயிற்று. முருகப்பா குடும்பமும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் உருவானது. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலி ஆலை எழுந்தது. ஒன்று இன்றும் இருக்கிறது. மற்றொன்று நலிந்து, 1980இல் தேசியமயமாகி, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்று பெயர் மாறி, பிறகு மூடப்பட்டது. சென்-ராலி நலிந்ததற்குத் தொழிற்சங்கப் பிணக்கு, நிர்வாகம், வங்கத் தொழில்களின் பொதுவான சரிவு என்று காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடக்க முடியாது. ஆனால் அம்பத்தூர்க்காரர்கள் செய்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழாய்க்கு 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், செயினுக்கு 1960இல் டி.ஐ. டைமண்ட் செயின் என்று தனித்தனியாகத் தொடங்கி, அந்தக் குழாயையும் செயினையும் தங்கள் சைக்கிளோடு நிறுத்திக்கொள்ளாமல் ஊருக்கெல்லாம் விற்றார்கள். சைக்கிள் செய்யக் கற்ற கைத்திறன் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் குழாய் கொடுக்கும் தொழிலாக வளர்ந்தது. வெளியே விட்ட திறன் திரும்ப லாபமாக வந்தது.

இவ்விரண்டையும் மிஞ்சியது லூதியானா. பிரிவினையின்போது உடைமைகளை இழந்து வந்தவர்களும் உள்ளூர்க் கருமார்களும் சிறு சிறு பட்டறைகளில் ஆளுக்கொரு பாகம் செய்தார்கள்: ஒருவர் மட்கார்டு, ஒருவர் பெடல், ஒருவர் ஹப், ஒருவர் ஃபோர்க். அந்தப் பாகங்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்த முஞ்சால் சகோதரர்கள் 1956இல் ஹீரோ சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். முப்பதே ஆண்டில், 1986இல், உலகில் மிக அதிகமாகச் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் புத்தகத்தில் அது இடம்பெற்றது. நாட்டிங்காமில் ஒரே கூரையின் கீழ் நடந்தது லூதியானாவில் ஓர் ஊர் முழுக்கப் பரவி நடந்தது. எந்தப் பட்டறையின் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம்தான் அங்கே பொதுவிதி. சரியாகச் செய்யாதவரிடம் வாங்காமல் அடுத்த சந்துக்குப் போய்விடலாம்; ஆகவே தரமும் விலையும் நாள்தோறும் சோதிக்கப்பட்டன.

அந்தப் பொதுவிதியின் பலன் சேலம் சமவெளிக்கும் வந்து சேர்ந்தது. ராசிபுரத்திலோ எடப்பாடியிலோ வேப்ப மரத்தடியில் ஒரு பம்பு, ஒரு தண்ணீர்ச் சட்டி, ஸ்பேனர் பெட்டி, பால்ஸ் குண்டுகள் போட்ட ஒரு டப்பா, இவற்றோடு சைக்கிள் கடை நடத்த முடிந்தது. ஹெர்குலிஸ் வந்தாலும் ஹீரோ வந்தாலும் அட்லஸ் வந்தாலும் அதே கோட்டர் பின், அதே ஸ்போக்ஸ் கம்பி, அதே பிரேக் கட்டை. வீல் கோட்டம் எடுக்கவும் ஓவராயில் செய்யவும் தெரிந்த ஒருவர் ஐந்தாறு சிறுவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் ஊருக்கு ஊர் வந்தன. குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பிள்ளைகளும் சொந்த வண்டி வாங்க வசதியில்லாத தறிக்காரர்களும் அங்கேதான் போனார்கள். விசைத்தறித் தொழிலாளி வீட்டிலிருந்து ஐந்து மைல் தள்ளியிருக்கும் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போக முடிந்தது. கூலி குறைந்தால் வேறு கூடத்துக்கு மாறவும் முடிந்தது. இவையெல்லாம் சைக்கிள் மலிவாக இருந்ததால் மட்டும் நடக்கவில்லை. அது ஊரிலேயே பழுதுபார்க்கக்கூடியதாக இருந்ததால் நடந்தது.

சைக்கிளுக்கே காலம் போய்விட்டது, எந்த நிர்வாகம் இருந்தாலும் ராலி போயிருக்கும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. உலகில் இன்று ஆண்டுதோறும் உற்பத்தியாகும் சைக்கிள்கள் பத்துக் கோடி என்ற அளவில் இருக்கின்றன. ராலி உச்சத்தில் இருந்த காலத்தைவிட இது பல மடங்கு. இந்தியாவில் 2001க்கும் 2011க்கும் இடையே மோட்டார் இருசக்கர வாகனம் வைத்திருந்த குடும்பங்கள் 11.7 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகப் பெருகின. அதே பத்தாண்டில் சைக்கிள் வைத்திருந்த குடும்பங்களும் 43.7 சதவீதத்திலிருந்து 44.8 சதவீதமாகக் கொஞ்சம் கூடவே செய்தன என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. சந்தை இருந்தது. மலைப்பாதை சைக்கிள், கியர் சைக்கிள், இப்போது மின்சார சைக்கிள் என்று அது உருமாறியபோது, உருமாற்றத்தை நடத்தியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

ஆசியக் கூலியோடு யார் போட்டியிட முடியும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. சாதாரண ரோட்ஸ்டர் வண்டியை நாட்டிங்காம் கூலியில் செய்து விற்பது 1990களில் முடியாத காரியம். ஆனால் கூலி மட்டுமே விதி என்றால், 1892இல் தொடங்கிய நெதர்லாந்தின் கசல் நிறுவனம் டீரன் ஊரில் சைக்கிள் கட்டிவருவது எப்படி? லண்டனில் பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் செய்து உலகெங்கும் அனுப்புவது எப்படி? ராலியின் கைக்குள் இருந்து வெளியேறிய புரூக்ஸ் தோல் சீட் இன்றும் பர்மிங்காமை அடுத்த ஸ்மெதிக்கில்தான் தயாராகிறது. கூலி கூடிய பிறகு தைவான் செய்ததும் கவனிக்கத்தக்கது. மலிவு வண்டிகள் சீனாவுக்குப் போகத் தொடங்கியதும், போட்டி நிறுவனங்களான ஜயன்ட்டும் மெரிடாவும் 2003இல் பாகம் செய்யும் சிறு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு ஏ-டீம் என்ற கூட்டமைப்பை உண்டாக்கின; உற்பத்தி முறையில் கண்ட மேம்பாடுகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டன. உயர்தர வண்டிச் சந்தை அவர்களிடம் தங்கியது. ராலி தன் போட்டியாளர்களை வாங்கி மூடியது. தைவான்காரர்கள் போட்டியாளரைத் தங்கள் பட்டறைக்குள் அழைத்துக் காட்டினார்கள்.

மூன்றாவது ஆட்சேபமே வலுவானது. சிதறிக் கிடக்கும் சிறு பட்டறைகளைப் புகழ்வது எளிது. அவற்றிடம் ஆராய்ச்சிக்குப் பணமில்லை, சோதனைக்குக் கருவியில்லை, பழைய வடிவத்தையே திரும்பத் திரும்பச் செய்கின்றன என்பார்கள். ஒத்துக்கொள்ள வேண்டிய குறை இது. இந்திய ரோட்ஸ்டர் சைக்கிள் பல பத்தாண்டுகள் எடையிலும் பிரேக்கிலும் ஏறக்குறைய மாறாமலே ஓடியது. சோனிபட்டில் 1951இல் தொடங்கிய அட்லஸ், தன் கடைசி ஆலையில் 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது. கியர் சைக்கிள்களின் நுட்பமான பாகங்கள் இன்னும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. ஆகவே பரவலாக இருப்பது மட்டும் போதாது. பரவலாக இருப்பவர்கள் சேர்ந்து கற்க வழி வேண்டும். ஆனால் இந்தக் குறைக்குத் தீர்வு எல்லாவற்றையும் ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிடுவது என்றால், அந்தத் தீர்வைப் பிரிட்டன் 1960இல் முழுமையாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. முடிவு நமக்குத் தெரியும்.

இங்கேதான் நாமக்கல் வருகிறது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிப் பட்டறைகளும் லூதியானாவின் முறையிலேயே வளர்ந்தவை. சேஸிஸ் ஒரு நிறுவனத்துடையது. மரவேலை, வெல்டிங், டிங்கரிங், பெயின்ட், மின்வேலை எல்லாம் பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில். ஒரு மேஸ்திரியிடம் பழகியவர் நாளை தனிப் பட்டறை போடுகிறார். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து சேஸிஸ் ஓட்டிக்கொண்டு பாடி கட்ட இங்கே வருகிறார்கள்; இங்கே கட்டிய ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவரை போகின்றன. இப்போது விதிகள் மாறிவருகின்றன. லாரி கேபினுக்கும் பாடிக்கும் ஏ.ஐ.எஸ். 093 என்ற தரவிதி இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. ஓட்டுநரின் உயிரையும் உடம்பையும் காக்கும் விதிகளை யாரும் எதிர்க்கக் கூடாது. ஆனால் விதியை நிறைவேற்றும் சோதனைக்கும் சான்றிதழுக்கும் ஆகும் செலவைப் பெரிய நிறுவனம் மட்டுமே தாங்க முடியும் என்ற நிலை வந்தால், கேபினோடு முழு வண்டியும் தொழிற்சாலையிலிருந்தே வந்துவிடும். பட்டறை வெறும் விற்பனைக் கிளைக்குப் பழுதுபார்க்கும் கூலியாளாகிவிடும். பாதுகாப்பு வேண்டும் என்பவரும் பட்டறை வேண்டும் என்பவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஆக வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்பு ஒன்றை அரசும் சங்கங்களும் சேர்ந்து உருவாக்கி, சிறு கட்டணத்தில் எந்தப் பட்டறையும் அதன்படி கட்டலாம் என்று திறந்துவிட்டால், பி.எஸ்.ஏ. மரை செய்த வேலையை அந்த வடிவமைப்பு செய்யும். மோதல் சோதனையையும் வெல்டிங் சோதனையையும் பட்டறைக்கு ஒன்றாக வைக்க முடியாது. வட்டாரத்துக்கு ஒன்றாக வைக்க முடியும்.

சைக்கிளிலேயே இதைத் தொடங்குவதற்கு அரசின் கையில் ஒரு பெரிய கருவி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் விரிந்து, இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்குப் போகிறது. இப்படிச் சைக்கிள் கொடுப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு பிகார் பதில் சொல்லியிருக்கிறது: 2006இல் அங்கே தொடங்கிய திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் உயர்ந்தது என்று கண்டார்கள். ஐந்து லட்சம் வண்டிகளை வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதுவே சந்தையின் தரமாகும். பாகங்கள் பொது அளவில் இருக்க வேண்டும், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பாகத்தால் எந்த வண்டியும் பழுதுபார்க்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தப் புள்ளியின் முதல் நிபந்தனையாக வைக்கலாம். வண்டிகளை மாவட்டத்திலேயே பூட்டிக் கொடுப்பதையும் அடுத்த இரண்டு ஆண்டுப் பராமரிப்பையும் உள்ளூர் மெக்கானிக்குகளுக்குக் கூலி கொடுத்து ஒப்படைத்தால், மூடிக்கொண்டிருக்கும் கடைகள் பலவற்றுக்கு நிலையான வேலை கிடைக்கும். மின்சார சைக்கிளுக்கு இது இன்னும் அவசரம். பேட்டரியும் கண்ட்ரோலரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பூட்டாக வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பூட்டுகள் ராலியின் 26 மரையைவிட இறுக்கமானவை. நிறுவனம் மூடினால் வண்டி குப்பை. பொது இணைப்பும் திறந்த பழுதுபார்ப்புக் கையேடும் இல்லாத மின்சார வண்டிக்கு அரசு மானியம் கொடுப்பது, மக்கள் பணத்தால் பூட்டு வாங்குவதற்குச் சமம்.

ஒரு நிறுவனம் தன் கண்டுபிடிப்பால் லாபம் பார்ப்பதில் தவறில்லை. அப்படி லாபம் இல்லாவிட்டால் மூன்று கியர் ஹப்பே வந்திருக்காது என்பதும் உண்மை. ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் வேறு நிறுவனங்களின் வண்டிகளிலும் பொருந்தும்படி விற்கப்பட்டது. அதனால்தான் ராலி ஆலை போன பிறகும் அந்தப் பெயர் தைவானில் பிழைத்து உற்பத்தியில் இருக்கிறது. உள்ளே நடக்கும் நுட்பம் நிறுவனத்துடையதாக இருக்கலாம். வெளியே பொருந்தும் விளிம்பு ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரம்பை மதித்த தொழில்கள் நிறுவனத்தின் ஆயுளைக் கடந்து நின்றிருக்கின்றன. நூற்றாண்டுப் பெயரும் பத்து லட்சம் வண்டி உற்பத்தியும் ராலியைக் காப்பாற்றவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, சேலத்திலும் நாமக்கல்லிலும் தொழில் கொள்கை பேசுபவர்கள் எத்தனை கோடி முதலீடு வருகிறது என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கப் பழக வேண்டும்: வருகிற தொழிலின் நுட்பத்தில் எவ்வளவு இந்த ஊர்ப் பட்டறைக்காரர் கற்றுக்கொள்ளும்படி திறந்திருக்கிறது? அதற்குப் பதில் இல்லாத முதலீட்டுக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுப்பதற்கு முன் அரசு ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.